உட்கார்ந்திருக்கும் கிழவியின் பெயர்

முப்பத்தொரு வருஷம் நான் பொய் சொல்லிப் பிழைத்தவன். ஊர்ச் சபை என்னை அதற்குத்தான் வேலைக்கு வைத்திருந்தது என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பெயர் கபிசியாஸ். எங்கள் கிரேக்க நாட்டுப் பொயோத்தியாவில் பாதிப் பேருக்கு ஆற்றின் பெயர்தான். மீதிப் பேருக்கு அந்த ஆற்றில் மீன் பிடித்த தாத்தாவின் பெயர்.

தானக்ராவுக்குப் போகிற சாலையில் எங்கள் ஊர்க் கோயில் இருக்கிறது. நோயாளிகள் வந்து, ஆடு பலியிட்டு, அதன் தோலையே விரித்துப் படுத்துக் கனவுக்குக் காத்திருப்பார்கள். கனவில், இங்கே தெய்வமாக வணங்கப்படும் பழங்கால வீரன் வந்து மருந்து சொல்லுவான். சிலருக்கு முதல் நாளே வருவான், சிலரைப் பத்து நாள் இழுத்தடிப்பான். கூட வந்தவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா? அவர்களைச் சிலை சிலையாக அழைத்துக்கொண்டு போய்க் கதை சொல்வதுதான் என் வேலை.

எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "இது யார் செஞ்சது?" தெரியாது என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ நாம் அவர்களை ஏமாற்றிவிட்ட மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பிராக்ஸித்தலேஸ் என்று சொன்னால் போதும். செத்து ஐந்நூறு வருஷம் ஆன சிற்பி. ஆனாலும் செருப்புத் தைக்கிறவனுக்குக்கூட அந்தப் பெயர் தெரியும். எங்கள் வாசலில் வால் முளைத்த வனதேவன் ஒருவன் தோல்பையோடு சாய்ந்து நிற்கிறான். எனக்கு முன்னால் இருந்த வழிகாட்டி அதைப் பிராக்ஸித்தலேஸின் மாணவன் செய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாணவன் என்ற சொல் வாயில் சிக்கியது. நான் அதை எடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஊரே மாறிப்போனது. கொரிந்துவிலிருந்தும் ஏதென்ஸிலிருந்தும் உடம்பு நன்றாக இருக்கிறவர்களே வர ஆரம்பித்தார்கள். வனதேவன் பெயரில் இரண்டு சத்திரங்கள் முளைத்தன. அவன் உருவத்தைச் சின்னச் சின்ன மண்பொம்மையாகச் செய்து விற்றார்கள். பொய்க்கு இத்தனை கை கால் முளைக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

உள்முற்றத்தில் வெண்கலத்தில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். பெயர் ஹெர்மாயா. முந்நூறு வருஷத்துக்கு முன் இந்தக் கோயிலில் பூசாரியாக இருந்தவள். கழுத்தில் நரம்பு புடைத்திருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும். அழகுக்காகச் செய்த சிலை இல்லை. மேடைக் கல்லில் அவள் பெயரும், கீழே பொடி எழுத்தில் "சோசிஸ் செய்தான்" என்றும் வெட்டியிருந்தது. சோசிஸ் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஹெர்மாயா என் மனைவி தமாத்ரியாவின் வம்சத்தில் வந்தவள். வருஷத்துக்கு ஒரு முறை, திருவிழாவுக்கு முந்தைய நாள், அந்த வீட்டுப் பெண் போய்ச் சிலையைத் துடைத்து எண்ணெய் தேய்க்க வேண்டும். அந்த வம்சத்தில் மிச்சமிருந்தது தமாத்ரியா ஒருத்திதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

ஒரு வருஷம் அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஏங்க, மேடைக் கல்ல யாரோ கொத்தியிருக்காங்க. ஹெர்மாயா பேரக் காணோம். புல்கினியான்னு போட்டிருக்கு. யாருங்க புல்கினியா?"

எனக்குத் தெரியும். புதிய ஆளுநரின் மனைவி. ரோமிலிருந்து ஆளுநர் வருகிறபோதெல்லாம் எங்கள் சபை சிலை வைத்து மரியாதை செய்ய வேண்டும். புதுச் சிலை வார்க்க வெண்கலம் வேண்டும், சிற்பி வேண்டும், ஒரு வருஷம் வேண்டும். பழைய சிலையில் பெயரைக் கொத்தி மாற்ற ஒரு கல்தச்சனும் அரை நாளும் போதும். எங்கள் ஊர் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இதுதான் நடக்கிறது. தாடி வைத்த பழைய தளபதிகள் எத்தனையோ பேர் மழுமழுவென்று சிரைத்த ரோமானியர்களின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். கொத்துகிறவர்கள் சிற்பி பெயரை மட்டும் தொடமாட்டார்கள். பழைய கைவேலை என்றால் மரியாதை கூடுதல்.

நான் சபைத் தலைவர் தொர்கிலோஸிடம் போனேன். கம்பளி வியாபாரி. சின்ன வயதில் இருவரும் ஒரே ஆசிரியரிடம் அடி வாங்கியவர்கள்.

"ஏம்ப்பா, அந்தப் பொண்ணுக்கு இருபது வயசுகூட ஆகல. கிழவி தலையில கொண்டுபோயி அவ பேர வெச்சிருக்கீங்களே?"

"அந்தம்மா வந்து பாக்கவா போறாங்க? தீர்மானத்த நல்ல எழுத்துல எழுதி அனுப்பியாச்சு, அவங்களுக்கு அது போதும். வேற பொம்பள சிலை நம்மகிட்ட எங்க இருக்கு? வனதேவனுக்கா போட முடியும், வாலோட?"

"என் பொண்டாட்டி வீட்டுப் பேருய்யா அது."

"முந்நூறு வருஷம் இருந்துச்சில்ல? போதாதா? நமக்கெல்லாம் முப்பது நாள் இருந்தாலே பெரிசு. இனிமே கேக்குறவங்களுக்குப் புல்கினியான்னே சொல்லு. அத்தன பொய் சொல்ற வாய்க்கு இது ஒண்ணு பாரமா?"

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே. வீட்டுக்கு வந்து தமாத்ரியாவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. கிண்ணத்து எண்ணெயை ஜாடியில் திரும்ப ஊற்றி மூடினாள். அன்றிலிருந்து கோயில் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். திருவிழாவுக்கும் போகவில்லை. என்னிடம் பேசுவாள், சமைப்பாள், சிரிக்கவும் செய்வாள். ஆனால் நான் கோயில் கதை எதையாவது எடுத்தால், பருப்பை அடுப்பில் வைத்தேனே என்று எழுந்து போய்விடுவாள். அது என்னை அறுத்தது.

அடுத்த வசந்தத்தில் தெயுத்ராஸ் வந்தார்.

பெர்கமோன் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த மனிதர். கிரேக்க நாட்டில் பார்க்கத் தகுந்தவை எல்லாவற்றையும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதுவதையே வேலையாக வைத்திருந்தார். சிலை, ஓவியம், யார் செய்தது, யாருக்காக, எங்கே இருக்கிறது, எல்லாம் எழுதுவாராம். ஏற்கனவே இரண்டு புத்தகச் சுருள் வெளியாகி, ஏதென்ஸில் நகல் எடுத்துப் படிக்கிறார்கள் என்று தொர்கிலோஸ் பரபரத்தான். "நம்ம வனதேவன் அந்தாளு புத்தகத்துல ஏறிட்டான்னா உலகம் அழியிற வரைக்கும் கவலையில்ல. நல்லா சொல்லு, அளந்து விடு!" என்று என் முதுகில் தட்டி அனுப்பினான்.

நானும் அளந்துவிட்டேன். பிராக்ஸித்தலேஸ் காதல் தோல்வியில் எங்கள் ஊருக்கு வந்தார், இங்கேதான் கனவு கண்டார், கனவில் வந்தவனைத்தான் வடித்தார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். தெயுத்ராஸ் குறிப்பெழுதும் மெழுகுப் பலகையைத் திறக்கவேயில்லை. பையிலிருந்து ஒரு பழைய சுருளை எடுத்தார்.

"இருநூறு வருஷம் முன்னாடி ஒருத்தர் இந்தப் பக்கம் வந்து பட்டியல் எழுதி வெச்சிருக்காரு. உங்க கோயிலும் இதுல இருக்கு. வாசிக்கட்டுமா? 'வாசலில் வனதேவன், யார் செய்தது என்று கேட்டேன், ஊராருக்குத் தெரியவில்லை.' இருநூறு வருஷம் முன்னாடி தெரியாதது உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"எங்க பெரியவங்க வாய்வழியா..."

"பிராக்ஸித்தலேஸ் செஞ்சதுன்னு நான் இதுவரைக்கும் எழுபத்தாறு சிலை பாத்துட்டேன். மனுஷன் தூங்கவேயில்ல போல."

சிரித்துக்கொண்டே உள்முற்றத்துக்கு நடந்தார். கிழவி முன்னால் நின்றார். கல்லைக் குனிந்து பார்த்தார், விரலால் எழுத்தைத் தடவினார்.

"இது யாரு?"

"புல்கினியா அம்மா. ஆளுநரோட மனைவி," என்றேன்.

"எழுத்துக்கு ஒரு வயசு. சிலைக்கு முந்நூறு வயசு. ஆளுநர் பாட்டியக் கட்டிக்கிட்டாரா?"

அந்த இடத்தில் எனக்குள் ஏதோ உடைந்தது. சபை, வேலை எல்லாம் மறந்து, "இவ பேரு ஹெர்மாயா ஐயா," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்க தோஷம், நாக்கு நிற்கவில்லை. "மாசிடோனியப் படை வந்தப்போ கோயில் வாசல்ல உக்காந்தா. எந்திரிக்கவே மாட்டேன்னுட்டா. குதிரையெல்லாம் பயந்து பின்னால போச்சு..."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஒரு காலையில மூணு பொய். ஏதென்ஸ்காரன் உங்களப் பொயோத்தியப் பன்றிங்கன்னு கிண்டல் பண்றப்போ நான் சண்டை போட்டிருக்கேன், தெரியுமா? நாளைக்குக் காலையில கிளம்புறேன். உங்க ஊரப் பத்தி எழுத ஒண்ணுமில்ல."

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று தமாத்ரியா எழுந்து போகவில்லை. விலாங்குமீனை நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தாளு எழுதினா எத்தன பேரு நகல் எடுப்பாங்க?"

"நூறு பேரோ, இருநூறு பேரோ. தெரியலம்மா."

"கல்லு ஒண்ணுதான், கொத்திட்டாங்க. இருநூறு சுருளுன்னா எங்கெங்க போயித் தேடிக் கொத்துவாங்க?" அவள் என்னையே பார்த்தாள். "நாளைக்கு அவரு கிளம்புறதுக்கு முன்னாடி நாம போறோம். நீங்க போயி எல்லாத்தையும் சொல்லுங்க."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்தான். வனதேவன்ல ஆரம்பிச்சு."

"சோத்துல மண்ணப் போட்டுக்கச் சொல்றியா? சத்திரக்காரன் என்னக் கொன்னுடுவான். தொர்கிலோஸ் தோல உரிச்சிடுவான்."

"தெரியும்," என்றாள். கெஞ்சவுமில்லை, மிரட்டவுமில்லை. மறுபடி கத்தியை எடுத்து மீனை நறுக்கினாள். முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

காலையில் தெயுத்ராஸ் சத்திரத்து முற்றத்தில் வாற்கோதுமை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தார். கழுதை மேல் மூட்டை ஏற்றியாகிவிட்டது. என்னைப் பார்த்ததும், "நாலாவது பொய்யா?" என்றார்.

நான் உட்காராமலே சொல்ல ஆரம்பித்தேன். வனதேவனை யார் செய்தது என்று எனக்குத் தெரியாது. மாணவன் என்ற சொல்லை எடுத்தது நான். தூணருகே நிற்கும் குத்துச்சண்டைக்காரன் ஒலிம்பியாவில் ஜெயித்தவன் இல்லை. உள்ளூர்ப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவன். ட்ரோய் போரிலிருந்து வந்த கேடயம் என்று காட்டுவதை என் மாமனார் காலத்தில் தானக்ராச் சந்தையில் வாங்கினார்கள். வெள்ளை ஆடு பலி கேட்டுக் கண்ணீர் விடுகிறது என்று நான் காட்டும் கல் மழைக்காலத்தில் மட்டும்தான் கண்ணீர் விடும். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சத்திரக்காரன் கையில் ஜாடியோடு வந்து நின்று கேட்டான். அவன் முகம் வெளுத்தது. நான் நிறுத்தவில்லை.

தெயுத்ராஸ் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார். "இதையெல்லாம் எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

"ஒண்ணே ஒண்ணு நெசம். அத நீங்க நம்பணும். உள்ள உக்காந்திருக்கிற கிழவி பேரு ஹெர்மாயா."

"படை வந்ததா?"

வாய் வரை வந்துவிட்டது. எவ்வளவு நல்ல கதை! அந்தக் குதிரைகளை நான்தான் இத்தனை வருஷமாகத் தீனி போட்டு வளர்த்தேன். பக்கத்தில் நின்ற தமாத்ரியா எனக்கு முன்னால் பேசினாள்.

"படையும் வரல, ஒண்ணும் வரலங்க. நாப்பது வருஷம் காலையில கதவத் தொறந்தா, சாயந்தரம் மூடினா. நோவுல வந்தவங்களுக்குத் தோல விரிச்சுப் போட்டா. முட்டி தேஞ்சுபோனப்புறம் உக்காந்துகிட்டே வேலை பாத்தா. அதான் உக்காந்த மாதிரி செஞ்சிருக்காங்க. எங்க வீட்டுல அம்மா பொண்ணுக்குச் சொன்னது அவ்வளவுதான். நானும் யார்கிட்டயாவது சொல்லணுமில்ல?"

தெயுத்ராஸ் எழுந்தார். "பொய் சொல்லி லாபம் பாத்தவங்கள நெறையப் பாத்திருக்கேன். நஷ்டப்படுறதுக்காகப் பொய் சொல்ற ஆளு எவனும் கெடையாது," என்று சொல்லி, கழுதை மேலிருந்த மூட்டையை அவிழ்த்து மெழுகுப் பலகையை எடுத்தார். "பேர மறுபடி சொல்லும்மா." எழுத்தாணி மெழுகில் போவதைத் தமாத்ரியா கண்கொட்டாமல் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

சத்திரக்காரன் தொர்கிலோஸிடம் ஓடினான். சாயங்காலத்துக்குள் எனக்கு வேலை போனது. தொர்கிலோஸ் வீட்டு வாசலில் நின்று நான் வாங்கிய வசவை எழுத மெழுகு போதாது. "முப்பது வருஷம் கட்டினத ஒரு ரொட்டி திங்கிற நேரத்துல இடிச்சிட்டியேடா!" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. அவனுக்கும் அந்த வனதேவன் மேல் உண்மையாகவே பிரியம், பாவம். நான் மாமனாரின் அத்தித் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தேன். புது வழிகாட்டி பிராக்ஸித்தலேஸ் கதையை அப்படியே தொடர்ந்தான்.

நான்கு வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. தீப்ஸில் ஒரு மருத்துவரிடமிருந்து தொர்கிலோஸ் நகல் வாங்கி வந்தான். அந்தக் கழுதைக்காரக் கிறுக்கன் கடைசியில் என் உளறலை நம்பியிருக்க மாட்டான் என்று அவனுக்கு நப்பாசை. சந்தைத் தாழ்வாரத்தில் ஊரைக் கூட்டி, தானே நின்று வாசித்தான். நாங்களும் பின்னால் நின்றோம்.

"'இந்தக் கோயிலின் மற்றச் சிலைகளைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை,'" என்று படித்து நிறுத்தினான். இருமினான். படிக்காமல் விடவும் முடியவில்லை, ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. "'உட்கார்ந்திருக்கும் கிழவி ஒருத்தி இருக்கிறாள், வெண்கலம், சோசிஸின் வேலை. கல்லில் வேறொருத்தியின் பெயர் இருக்கிறது. அதைப் பொருட்படுத்த வேண்டாம். இவள் ஹெர்மாயா. நாற்பது ஆண்டு கதவைத் திறந்து மூடியவள்.'" அவ்வளவுதான். அந்தச் சுருளில் எங்கள் ஊருக்குக் கிடைத்தது இரண்டு விரல் அகலம்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ காறித் துப்பினார்கள். தமாத்ரியா என் கையைப் பிடித்தாள்.

அந்த வருஷக் கடைசியிலேயே சபை இன்னொரு தீர்மானம் போட்டது. புதுக் குளியல் மண்டபத்துக்கு வெந்நீர்க் கொப்பரை வேண்டும், பழைய வெண்கலங்களை உருக்கலாம் என்று. ஆளுநரும் மாறியிருந்தார், புல்கினியா யாருக்கும் வேண்டாதவளாகிவிட்டாள். வஞ்சம் இல்லை என்று தொர்கிலோஸ் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். பட்டியலில் முதலில் இருந்தது கிழவி. வண்டியில் ஏற்றிப் போனபோது தமாத்ரியா தெருவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். என்னாலும் அடக்க முடியவில்லை. நான் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் புல்கினியாவாகவாவது அவள் அங்கே உட்கார்ந்திருப்பாளே என்று பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தமாத்ரியா அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன மாதம் கொரிந்துவிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். இளசுகள். புது வழிகாட்டி வனதேவனிடம் இழுத்திருக்கிறான். அவர்கள் சுருளை விரித்துக் காட்டி, ஹெர்மாயா எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவன் எரிச்சலில் எங்கள் அத்தித் தோட்டத்துக்குக் கைகாட்டிவிட்டான். நாங்கள் அவர்களை அழைத்துக்கொண்டு போய் வெறும் மேடையைக் காட்டினோம். எட்டு வருஷத்துக்குப் பிறகு தமாத்ரியா அந்த முற்றத்தில் கால் வைத்தாள்.

"இல்லையா?" என்றாள் அந்தப் பெண், அழுதுவிடுவாள் போல. "எப்படி இருந்தாங்கன்னு இதுல ஒண்ணுமே இல்லையே. பேரு மட்டும்தான் இருக்கு."

தமாத்ரியா மேடைக் கல்லில் கையை வைத்தாள். "சொல்றேன், கேட்டுக்கோம்மா. வலது கைய மடியில வெச்சிருப்பா, உள்ளங்கை மேல பாத்து. இடது தோள் கொஞ்சம் எறங்கியிருக்கும். இடது கால்ல செருப்பு பாதி கழண்டு தொங்கும். நாளெல்லாம் நின்னவங்க உக்காந்த ஒடனே செருப்பக் கழட்டுவாங்க பாரு, அப்படி. பெருவிரல் மட்டும் வாருக்குள்ள இருக்கும். அந்த விரல் நகம் ஒடிஞ்சிருக்கும். அதக்கூட அந்த சோசிஸ் விடல."

கணவன் சுருளின் ஓரத்தில் எழுதத் தொடங்கினான். செருப்பு என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தான். "ஐயா, நீங்கதான் இங்க வழிகாட்டியா இருந்தீங்களாமே. செருப்பு கழண்டிருந்துதா?"

முப்பத்தொரு வருஷம் அந்தச் சிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, குதிரைகளையும் படைகளையும் வருகிறவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். அதன் காலை ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "நான் பாத்ததில்ல. இவ பாத்திருக்கா. இவ சொல்றத எழுதிக்கோங்க."